காய்ச்சலே வராதவள்

"வருஷா வருஷமா?" என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தை ரெனிட்டாவின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவை என்றால் சரி. கையை நீட்டி, பல்லைக் கடித்து, முடித்துவிட்டு வந்துவிடலாம், வயிற்றில் பிள்ளை இருந்தபோது போட்டார்களே அதைப் போல. வருஷா வருஷம் என்றால் என்ன அர்த்தம், இவள் என்ன சீக்காளியா? "அந்தக் கிருமி ஒவ்வொரு வருஷமும் சட்டையை மாத்திக்கிட்டு வரும்மா, நாமளும் ஒவ்வொரு வருஷமும் உடம்புக்குப் புதுசா ஆள் அடையாளம் காட்டணும்" என்று டாக்டர் கோமதி சொன்னார், கைக்குழந்தை ஜோவிட்டாவின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே, கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி. "பிள்ளைக்கு மூணரை மாசம்தான் ஆகுது. ஃப்ளூ ஊசி ஆறு மாசம் முடிஞ்சாத்தான் போடலாம். அதுவரைக்கும் அவளைச் சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிட்டா, அவகிட்டக் காய்ச்சலைக் கொண்டுபோற ஆள் குறையும். பால் கொடுக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. நூத்துக்கு நூறு காப்பாத்தும்னு நான் சொல்ல மாட்டேன். வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். கட்டாயமில்ல. ஊசி ரூம்ல உங்க நம்பர் வரும்போது முடிவு பண்ணிச் சொல்லுங்க." கையில் பதினாலாம் நம்பர் அட்டை. ஊசி அறைக் கதவுக்கு மேலே எரிந்த சிவப்புப் பலகையில் ஒன்பது. இன்னும் ஐந்து பிள்ளைகள் அழுது முடிப்பதற்குள் ஒரு தாய் முடிவெடுக்க வேண்டும். ஜோவிட்டா மடியில் கிடந்து தன் கட்டைவிரலைத் தேடிக்கொண்டிருந்தாள், தேடி, மூக்கில் இடித்து, கண்ணில் இடித்து, கடைசியில் வாயைக் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. முதல் ஊசிக்குப் பத்து நிமிஷம் அழுதாள், இரண்டாவதுக்கு ஐந்து நிமிஷம். இன்றைக்கு இரண்டே நிமிஷம்தான் அழுவாள் என்று ரெனிட்டா காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். இவள் பிள்ளை அல்லவா.

இவள் பிள்ளை என்றால் சும்மாவா. ரெனிட்டாவுக்குக் காய்ச்சலே வராது. தூத்துக்குடியில் அவர்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த வீட்டுப் பெரியவளுக்கா, அவளுக்கு ஏது காய்ச்சல். தெரு முழுக்க அம்மை போட்டபோது இரண்டு பக்கத்து வீட்டிலும் பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள், அம்மை இவள் வீட்டு வாசலை மட்டும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனது. கான்வென்ட்டில் முதல் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒரு நாள் விடாமல் போனவள். அதற்குப் பதக்கம் உண்டு. படிப்புக்குக் கொடுக்கிற பதக்கம் வேறு, பாட்டுக்கு வேறு, இது ஃபுல் அட்டெண்டன்ஸுக்கு. ஆண்டு விழாவில் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். நீல ரிப்பனில் தொங்குகிற வட்டத் தகடு, மதர் சுப்பீரியரே குனிந்து சட்டையில் குத்திவிடுவார், குத்தும்போது அவர் கையிலிருந்து சாம்பிராணியும் சலவை சோப்பும் கலந்து ஒரு மணம் வரும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் கிடைத்தால் மறு வருஷம் வயிற்றுப்போக்கு, அத்தை கல்யாணம், மஞ்சள் காமாலை. இவளுக்கு மட்டும் பன்னிரண்டும். மம்மி அதையெல்லாம் கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டி வைத்திருந்தாள், வருகிறவர்களிடம் முதலில் மாதாவைக் காட்டுவாளா பதக்கத்தைக் காட்டுவாளா என்று டாடியே கேலி செய்வார். வகுப்பில் இவளுக்குப் பெயரே ஃபுல்லு. "ஏட்டி ஃபுல்லு, நீ செத்தாக்கூட பெட்டியோட வந்து இறங்கி ப்ரெசென்ட் சிஸ்டர்ம்பியேட்டி" என்பாள் ப்ரின்சி. ப்ரின்சி பக்கத்து இருக்கை. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் பக்கத்து இருக்கை. ஒன்பதில், ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு வந்தவர் யார், சிஸ்டர் லூர்து. இல்லை, சிஸ்டர் லூர்து பத்தாம் வகுப்புக்கு. ஒன்பதில் யாரென்று ஞாபகமில்லை. பலகையில் இன்னும் ஒன்பதுதான் எரிகிறது. யார் உள்ளே இவ்வளவு நேரம். ஜோவிட்டாவின் தலையில் உச்சிக்குழி மெல்ல ஏறி இறங்கிற்று, மெல்லிய துணிக்கு அடியில் ஒரு குஞ்சு மூச்சுவிடுகிற மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் ரெனிட்டா உள்ளங்கையை அதற்கு மேல் குடையாகப் பிடிப்பாள். இத்தனை பெரிய உலகத்தில் இதை மூட ஒரு எலும்பு கூட இன்னும் வந்து சேரவில்லை.

"எத்தனை மாசம் தங்கச்சி?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். முப்பத்தைந்து வயசிருக்கும், மடியில் இரண்டு வயசுப் பையன், பையனின் மூக்கு இரண்டு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. மூணரை என்றாள் ரெனிட்டா. "தலை நிக்குதா?" அதெல்லாம் மூணு மாசத்திலேயே நிக்க ஆரம்பிச்சிட்டு என்றாள், கொஞ்சம் முன்னே தள்ளித்தான் சொன்னாள், நின்றது போன வாரம்தான், அதுவும் ஐந்தாறு நொடி. "பால் இருக்கா உனக்கு?" அதுக்கு என்னக்கா குறை, என்றாள் ரெனிட்டா, இப்போது பொய்யில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அது அவளுடைய இன்னொரு பதக்கம். பேறுகாலத்துக்குப் போன வார்டில் ஆறு பேர், ஐந்து பேர் பவுடர் பாலுக்கு ஆளனுப்பினார்கள், இவள் ஒருத்திதான் இரண்டாம் நாளே பிள்ளைக்கு மூச்சு முட்டுமளவுக்குக் கொடுத்தவள். "அது போதும்ட்டி, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் வராது, எல்லாம் உன் ரத்தத்துல இருந்து போவும்" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பையன் இருமினான். சின்ன இருமல் இல்லை, மார்புக்குள்ளே தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம். ரெனிட்டாவின் கை அவளைக் கேட்காமலே துப்பட்டாவை எடுத்து ஜோவிட்டாவின் முகத்தை மூடிவிட்டது. பையனின் தாய் அதைப் பார்த்தாள். பார்த்து, பையனின் முகத்தைத் தன் தோளோடு திருப்பிக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ரெனிட்டாவுக்கு முகம் சுட்டது. போகச் சொல்லவில்லையே நான். போகச் சொல்லாமல் சொன்னேன். அவள் பிள்ளை மட்டும் என்ன வேண்டுமென்றா இருமுகிறது. "நாலு நாளாத் தூக்கமில்ல தங்கச்சி" என்றாள் அவள் அங்கிருந்தே, கோபமில்லாமல். "இவனுக்கு எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல. பால்வாடிக்கும் போவல, வெளியவும் கொண்டுபோவல." எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. இதே வார்த்தையை இதே இழுவையில் வேறு யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். யார். வேண்டாம். பலகையில் பத்து.

பத்து. சரி, நிதானமாக யோசிக்கலாம், கான்வென்ட்டில் விவாத மேடையில் பேசியவள்தானே. போட்டுக்கொண்டால் என்ன? கை வலிக்கும். ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம் என்று டாக்டரே சொன்னார், அதுதான் உதைக்கிறது, காய்ச்சலே வராத உடம்பில் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சலை ஏற்றுவதா. காய்ச்சல் வந்த மார்பில் பிள்ளைக்குப் பால் கொடுக்க நேர்ந்தால்? ஒன்றும் ஆகாது என்றார். டாக்டர் சொன்னால் சரிதான், ஆனால் டாக்டருக்கு என்ன, அவர் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறவரா. ரெனிட்டா வைத்துப் பார்ப்பாள். தினமும். டெரிக் குறட்டை விடுவான், துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்குக் காகிதம் போடுகிற உத்தியோகம் அவனுக்கு, பகலெல்லாம் அலைந்துவிட்டு வருகிறவன், அவன் குறட்டைக்கு அடியில் பிள்ளையின் மூச்சைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கேட்க இவள் காதுக்குப் பழகிவிட்டது. அந்த மூச்சு நிற்குமோ என்கிற பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயந்தவள் என்று பெயர் வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை. போட்டுக்கொள்ளாவிட்டால் என்ன? ஒன்றுமே ஆகாமல் போகலாம். இருபத்தேழு வருஷம் ஆகாதது இப்போது மட்டும் ஆகிவிடுமா. ஆனால் இன்னும் மூன்று வாரத்தில் ஞானஸ்நானம். அறுபது பேர் வருவார்கள், டெரிக் பக்கத்து ஆட்கள் மட்டுமே நாற்பது. கோயிலை விட்டு வெளியே வந்ததும் பிள்ளையை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாற்றி மாற்றி, ஒவ்வொருத்தரும் நெற்றியில் சிலுவை போட்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்து, அதுதான் அவர்கள் வழக்கம், பாவம் கழுவின பிள்ளையை முத்தினால் முத்தினவருக்கு ஆசீர்வாதம் என்பார் டெரிக்கின் அம்மா, மாமி. அறுபது வாய். அக்டோபர் மழை. நேற்றைக்குக் கூட மாமி ஃபோனில் இறக்கை வைத்த சம்மனசு மாதிரி கவுன் தைத்தாச்சு என்று சொல்லும்போது இடையிடையே செருமினார். ரெண்டு வாரம் ஆகும் வேலை செய்ய. இன்றைக்குப் போட்டால் கணக்கு சரியாக வருகிறது, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினால் வராது. யாரையாவது கேட்கலாமா. டெரிக் கீழே மருந்துக்கடை வாசலில் பைக்கில் உட்கார்ந்து ஆபீசோடு பேசிக்கொண்டிருக்கிறான், வண்டி நிறுத்த இடமில்லையாம். அவனைக் கேட்டால் உன் இஷ்டம் என்பான். உன் இஷ்டம் என்று சொல்கிற ஆம்பிளை நல்லவன்தான், ஆனால் ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்குமா.

மம்மியைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள் மம்மி, பிள்ளைக்கு ஊசி போடுகிற நாள் என்பதால் ஃபோனை மடியிலேயே வைத்திருந்திருப்பாள். "அழுதாளா?" இன்னும் போடலை மம்மி, எனக்கும் ஒண்ணு போடணும்ங்காங்க, ஃப்ளூவுக்கு, வருஷா வருஷம் போடணுமாம். "உனக்கா?" மம்மி சிரித்தாள், அந்தச் சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி முழுக்க மின்னிற்று. "உனக்கு எதுக்குட்டி? சீக்கு நோவு உள்ளவளுவ போட்டுக்கிடட்டும். உனக்கு என்னைக்குக் காய்ச்சல் வந்திருக்கு? பெத்தவ சொல்லுதேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் உனக்குக் காய்ச்சல்னு நான் கஞ்சி வச்சதில்ல. அந்த டாக்டரம்மாட்ட சொல்லு, பன்னிரண்டு வருஷம் மெடல் வாங்கின பிள்ளைன்னு சொல்லு." சொல்லுதேன் என்றாள் ரெனிட்டா. "என்ன, தொண்டை ஒரு மாதிரி இருக்கு உனக்கு?" ஒண்ணுமில்ல மம்மி, இங்க சத்தம். வைத்துவிட்டாள். மம்மி பொய் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். அவள் நிஜமாகவே நம்பிச் சொன்னாள். பதிமூன்று வருஷத்தில் அந்த மூன்று நாளும் மம்மியின் தலைக்குள்ளிருந்து சுத்தமாகத் துடைத்துப் போய்விட்டது, ஏன், இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பையன் இருமுகிறதைக் கேட்கிற வரைக்கும் ரெனிட்டாவுக்கே துடைத்துப் போய்த்தானே இருந்தது. போயிருந்ததா? ஒன்பது என்கிற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவளுக்குத் துடைத்துப் போயிருந்தது என்றா சொல்வது? பலகையில் பதினொன்று.

கஞ்சி வைக்கவில்லை, அது நிஜம். கஞ்சி வைத்தால் காய்ச்சல் என்று ஆகிவிடும், ஆகவே மம்மி அன்றைக்கு இட்லிதான் கொடுத்தாள். ஒன்பதாம் வகுப்பு, அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம், விடிகாலையில் எழுந்திருக்கும்போதே கண்ணுக்குப் பின்னால் இரண்டு கரி கிடந்து கனன்றது. மம்மி நெற்றியைத் தொட்டாள், கையை எடுத்தாள், ஒரு நிமிஷம் அலமாரியைப் பார்த்தாள். அந்த வருஷம் பள்ளிக்கூடம் முழுக்க ஃபுல் அட்டெண்டன்ஸ் வைத்திருந்த ஒரே பிள்ளை ரெனிட்டா. "பத்து மணிக்கு வந்திரலாம், முதல் பீரியடு இருந்திட்டா போதும்" என்று மாத்திரையைப் பாதியாக உடைத்து வாயில் போட்டு, மறு பாதியைக் காகிதத்தில் மடித்துப் பென்சில் பெட்டியில் வைத்து, கைக்குட்டையை ஓடிக்கலோனில் நனைத்துக் கையில் திணித்து அனுப்பினாள். ரெனிட்டாவுக்கும் அதில் ஒரு ஜோர். வரிசையில் நிற்குமுன் குழாயடியில் நெற்றியைக் காட்டி நின்றாள், வருகை எடுக்கிற சிஸ்டர் இம்மாகுலேட் கை வைத்துப் பார்த்தால் சுடக்கூடாதே. ப்ரெசென்ட் சிஸ்டர். பெயரைச் சொல்லி ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு விழுகிற சத்தத்தைக் கேட்டதும் பாதிக் காய்ச்சல் இறங்கின மாதிரி இருந்தது. முதல் பீரியடோடு வீட்டுக்குப் போகவில்லை, போனால் அரை நாள் கோடு. மறுநாளும் போனாள். மூன்றாம் நாளும் போனாள். அந்த மூன்று நாளும் ப்ரின்சிதான் பக்கத்தில். "என்னட்டி ஃபுல்லு, நீ அடுப்பு மாதிரி இருக்க" என்று இவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், மழைக்காலம், குளிர், அவளுக்கு அது இதமாக இருந்தது. தண்ணி கேட்டாள். ரெனிட்டா தன் பாட்டிலைக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தால் சிந்துமென்று ப்ரின்சி வாய் வைத்தே குடித்தாள், இருவரும் என்றைக்கும் அப்படித்தான். நாலாம் நாள் ரெனிட்டாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. ஐந்தாம் நாள் ப்ரின்சியின் இடம் காலி. பதினெட்டு நாள் காலி. அவள் திரும்பி வந்தபோது பினஃபோர் தோளிலிருந்து தொங்கியது. "எனக்குக்கூடப் பரவாயில்லட்டி, எங்க தம்பிதான்" என்றாள். அவளுக்கு நாலு மாசத்துத் தம்பி இருந்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டி வைத்திருந்தார்களாம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி இவ்வளவு உள்ளே போகுமாம், கையைக் குழித்துக் காட்டினாள். "எங்கருந்து வந்துச்சுன்னே தெரியலட்டி. அவனை வெளிய கொண்டுபோவவே இல்ல." ரெனிட்டா அவள் உள்ளங்கைக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷம் ஆண்டு விழாவில் பதக்கம் குத்தும்போது எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினவள் ப்ரின்சிதான். தம்பி பிழைத்துவிட்டான், இப்போது சைக்கிளில் ட்யூஷன் போகிறான் என்று கேள்வி, ஆகவே பெரிய பாவமொன்றுமில்லை, சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை, என்னவென்று சொல்வது, பள்ளிக்கூடம் போனேன் சாமி என்றா? அப்புறம் பத்தில் வேறு பிரிவு. பலகை மாறிவிட்டது, பன்னிரண்டு, எப்போது மாறியது என்று கவனிக்கவில்லை.

ஜோவிட்டா விழித்துவிட்டாள். விழித்து, தாயின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பல்லில்லாத வாயை முழுக்கத் திறந்து சிரித்தாள், அந்தச் சிரிப்போடு வந்த மூச்சு நேராக ரெனிட்டாவின் மூக்கில் பட்டது, புளித்த பாலின் மணம். இவ்வளவு கிட்டத்தில் இந்தப் பிள்ளையிடம் யார் வருகிறார்கள்? மாமி ஞாயிற்றுக்கிழமை வருவார். டெரிக் ராத்திரி ஒரு மணி நேரம் தூக்குவான். அறுபது பேரும் வந்து ஒரு நாளில் போய்விடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, மூக்கோடு மூக்கு வைத்து, மூச்சோடு மூச்சு, ராத்திரி மூன்று மணிக்கு விரலை வைத்துப் பார்க்கிறேன் என்று குனிந்து முகத்தின் மேலேயே மூச்சு விடுகிறவள் யார்? அவளுக்கு நாளைக்குக் கண்ணுக்குப் பின்னால் இரண்டு கரி கனன்றால் அவள் என்ன செய்வாள்? ரெனிட்டாவுக்குத் தெரியும். பாதி மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். முகத்தைக் கழுவிக்கொள்வாள். டெரிக் கேட்டால் ஒண்ணுமில்ல என்பாள், மம்மி கேட்டால் இங்க சத்தம் என்பாள். சமைப்பாள், துவைப்பாள், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பாள், காய்ச்சல் என்று ஒரு வேளை படுத்தாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது, அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்காமல் நடமாடிக்கொண்டே இருப்பாள். அடுத்த வீட்டுக்காரிக்கு வந்தால் அவளாவது பாயைப் போட்டு ஒதுங்கிப் படுப்பாள். இந்தப் பிள்ளைக்கு ஊரிலேயே ஆபத்தான ஆள் காய்ச்சலே வராத இவள்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்ட நெஞ்சின் மேலேயே பிள்ளையின் காது கிடந்தது. அழவேண்டும் போல வந்தது, அழவில்லை, அழுதால் இரண்டு நாற்காலி தள்ளி இருக்கிறவள் பார்ப்பாள். பார்த்தால் என்ன. ரெனிட்டா எழுந்தாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் போனாள், ரொம்பக் கிட்டே இல்லை, ஒரு கை தூரம். "தப்பா எடுத்துக்கிடாதீங்கக்கா, துப்பட்டாவ மூடினதுக்கு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ மூடாட்டி நானே மூடச் சொல்லியிருப்பேன்" என்றாள். "போய் உக்காரு, இவன் அடுத்த இருமலுக்கு ரெடி ஆவுதான்." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதிமூன்றாம் நம்பர் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது, உள்ளே போன பிள்ளைக்குச் சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஊசி அறையில் நர்ஸ் பாக்கியம் ஐஸ் பெட்டியைத் திறந்தபோது குளிர்ப்புகை எழுந்தது. "தொடையைப் பிடிச்சிக்கிடுங்க, ஆட விடக்கூடாது" என்றார். ரெனிட்டா பிடித்துக்கொண்டாள், தன் கைக்குள் அந்தத் தொடை ஒரு ரொட்டி மாதிரி இருந்தது, இத்தனை சதையும் தான் கொடுத்த பாலில் ஊறினது என்ற நினைப்பு ஓடியது, ஊசி இறங்கியது. ஜோவிட்டா ஒரு கணம் நம்பாமல் தாயைப் பார்த்தாள். பிறகு கத்தினாள் பாருங்கள், கீழே மருந்துக்கடைக்குக் கேட்டிருக்கும். "அம்மாடி, என்ன தொண்டை!" என்று பாக்கியம் காதைப் பொத்திக்கொண்டார். நெஞ்சு நல்லா இருந்தாத்தான் சிஸ்டர் இவ்வளவு சத்தம் வரும் என்றாள் ரெனிட்டா, கண்ணில் தண்ணீரும் வாயில் பெருமையுமாக. இரண்டு நிமிஷம் என்று சொன்னது ஏழு நிமிஷமாயிற்று. ஆகட்டும். "உங்களுக்கு என்ன முடிவு பண்ணீங்க? டாக்டர் எழுதி வச்சிருக்காங்க. போட்டுக்கிடுதியளா?" ரெனிட்டா பிள்ளையை இடப்பக்கம் மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். போடுங்க என்றாள். அது தன் குரல்தான், விவாத மேடைக் குரல். பாக்கியம் ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் தட்டினார். முட்டை சாப்பிட்டா உடம்புல தடிப்பு வருமா, மருந்து எதுவும் சேராமப் போயிருக்கா, இன்னைக்குச் சளி இருமல் உண்டா, இல்லை, இல்லை, இல்லை. "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி காய்ச்சல் வந்து படுத்திருக்கீங்களா?" பேனா ஏற்கெனவே இல்லை என்கிற கட்டத்துக்குப் போய்விட்டது, எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள் போல. ஜோவிட்டா விக்கிக்கொண்டிருந்தாள். "வந்திருக்கு" என்றாள் ரெனிட்டா. பேனா நின்றது. "ஒன்பதாவது படிக்கும்போது. மூணு நாள் இருந்துச்சு. படுக்கலை, அதுதான் தப்பு. என்கிட்ட இருந்து வேற ஒரு பிள்ளைக்கு வந்து, அவகிட்ட இருந்து அவ வீட்டுக் கைக்குழந்தைக்கும் போச்சு." இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று, ஒரு ஊசி அறையில், பெயர் மட்டும் தெரிந்த ஒரு நர்ஸிடம், இவ்வளவு லேசாக வந்து விழுந்துவிட்டது. பாக்கியம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தாள்ல அதுக்கு இடமில்லம்மா" என்றார், "வந்திருக்குன்னு மட்டும் எழுதுதேன்." எழுதினார். "எந்தக் கை?" பிள்ளை தலை வைத்துத் தூங்குவது இடதில். வலது கையை நீட்டினாள். கண்ணை மூடவில்லை. மருந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு கொசு கடித்த மாதிரி, கடித்த இடத்தில் சில்லென்று ஏதோ பரவியது, அவ்வளவுதான், இதற்கா. உடம்புக்குள் எங்கோ ஆட்கள் எழுந்து வரிசையில் நிற்கத் தொடங்குவதாக நினைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார் பாக்கியம். பெரியவர்களுக்குத் தனி அட்டை இங்கே கிடையாதாம், பிள்ளைகள் அட்டைதான், கரடி பொம்மை போட்டது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ரெனிட்டா என்று எழுதி, அடுத்த ஊசி என்ற இடத்தில் அடுத்த வருஷம் அக்டோபர் என்று எழுதிக் கொடுத்தார். வருஷா வருஷம். எழுத்தில் பார்க்க அப்படியொன்றும் மோசமாக இல்லை.

அரை மணி நேரம் கழித்துப் படியிறங்கும்போது வலது தோள் கனத்தது. கரடி அட்டையை வெளியே தெரிகிற மாதிரிதான் பிடித்திருந்தாள். தெருவில் மழை ஈரம், உப்பு லாரி ஒன்று போன தடம். டெரிக் பைக்கில் சாய்ந்து நின்று ஃபோனை வைத்தான். "அழுதாளா?" ஏழு நிமிஷம் என்றாள். "நீ?" நான் எதுக்கு அழப்போறேன், நீ மேல போ. "நான் எதுக்கு?" உனக்கும் ஊசி, சொல்லிட்டு வந்திருக்கேன், சிஸ்டர் எடுத்து வச்சிருக்காங்க. டெரிக்கின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். பத்து டன் கண்டெய்னருக்கு அடியில் நின்று கையெழுத்து வாங்குகிறவன். "ரெனி, வருஷா வருஷம் போடணும்பாங்க, எனக்கு ஊசின்னா..." உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிராத, இன்னைக்கு அது கிடையாது, என்றாள். "நாளைக்கு மாமி. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாமா. ஞானஸ்நானத்துக்கு வாரவங்க எல்லாரும் கை கழுவிட்டுத்தான் பிள்ளையத் தூக்கணும். முத்தம் கிடையாது. இருமுதவங்க தூரத்துல இருந்து சிலுவை போட்டுக்கிடட்டும். நானே கோயில் வாசல்ல நின்னு சொல்லுதேன். எனக்கே காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கு நான் தூக்க மாட்டேன், வெளிய நிப்பேன்." "உனக்குத்தான் காய்ச்சலே வராதே" என்றான் அவன். "வரும்" என்றாள் ரெனிட்டா. டெரிக் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான். "திமிர் பிடிச்சவள்னு சொல்லப் போறாங்கட்டி எங்க சனம்." சொல்லட்டுமே. சாவியை வாங்கிக்கொண்டு பைக்கில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள், பிள்ளையை மார்போடு அணைத்து, முதுகை நேராக வைத்து, தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்கிற மாதிரி. டெரிக் ஒவ்வொரு படியாக மேலே போனான். ஜோவிட்டா விக்கலோடு தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னல் திறந்தது, சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு டெரிக் தலையை நீட்டினான். "கண்ணை மூடிக்கிடலாமாட்டி?" என்று கத்தினான். மருந்துக்கடைக்காரரும் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ரெனிட்டாவுக்கு அவனைப் பார்க்க அன்றைக்கு இருந்த அழகு கல்யாணத்தன்றுகூட இல்லை. "மூடிக்கோ," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள், "கையை மட்டும் நீட்டு."